மூன்று பேரும் ஆஜர்

ஆடி 1, திங்கள்

விடாத சாரல். மஞ்சு புகை மாதிரி வாசல் வரை வந்து நிற்கிறது, எதிர்வீட்டுத் தகரம்கூடத் தெரியவில்லை. கரண்ட் ஆறரைக்கு வந்தது.

இன்றைக்கு:
– அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை
– செருப்புக்கு வார் (இந்த மழைக்கு மூன்றாவது)
– கொச்சி ஆபீசுக்கு ரிஸ்க் ரிப்போர்ட், ஆரம்பமாவது. கெடு ஆடி 15
– தங்கையா அண்ணன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது

கடைசி வேலைக்குக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டே உட்கார்ந்தவர், எழவில்லை. சனிக்கிழமை அவர் தோட்டத்திலேயே புதைத்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

ரிப்போர்ட்டின் முதல் பத்தி. ராணி அக்காவுக்குச் சொன்ன மாதிரியே எழுதிப் பார்க்கிறேன், அவளுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்:

விவசாயி காய்ந்த ஏலக்காயை ஸ்டோரில் வைக்கிறார். கிலோவுக்கு ஒரு காசு. கம்ப்யூட்டர் காசு, தொட முடியாது. காசு யாரிடம் இருக்கிறதோ, காய் அவருடையது. எல்லாக் காசும் ஒரே பெட்டகத்தில். அதற்கு மூன்று சாவி, மூன்று ஆளிடம்: ஸ்டோர் பார்க்கும் தங்கையா, பாலக்காட்டு வியாபாரி கரீம் பாய், நான். இரண்டு சாவி சேர்ந்தால் திறக்கும். ஒருவர் செத்தாலும் மற்ற இருவர் காப்பாற்றலாம்.

அக்கா அன்றைக்குக் கேட்டாள்: "ரெண்டு பேரு சேந்து களவாண்டா?"

"ஒருத்தர் கறுப்பசாமி பூசாரி. ஒருத்தர் அஞ்சு வேளை தொழுறவரு. இன்னொருத்தி உன் தங்கச்சி. யாருக்கா களவாணி?"

"நீதான்டி. சின்ன வயசுல என் வளவிய எடுத்தவ."

ஒவ்வொரு திங்களும் காலை ஒன்பதுக்குள் மூன்று பேரும் போனில் 'ஆஜர்' அமுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று திங்கள் தவறினால் அந்தச் சாவி செல்லாது. விதி நான் போட்டது. பள்ளிவாசல் எஸ்டேட்டில் அப்பா மஸ்டர் கூப்பிட்டவர், பெயர் சொன்னால் ஆள் குரல் கொடுக்க வேண்டும். இந்தக் காசை நடத்தும் கொச்சிக்காரர்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடினார்கள்.

8.40க்கு நான் அமுக்கினேன். பிறகு பக்கத்தைத் திறந்தேன்.

தங்கையா – ஆஜர் – 7.12
கரீம் – ஆஜர் – 7.13
செல்வி – ஆஜர் – 8.40

மூன்று முறை மூடித் திறந்தேன். அதே 7.12. அவர் எப்போதும் அமுக்கும் நேரம். 7.10க்கு அலாரம், இரண்டு நிமிடம் கண்ணாடி தேடுவார்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஆடி 2, செவ்வாய்

கொச்சி ஆபீஸ் ஜிதினுக்கு எழுதினேன். பதில்: மூன்றும் பச்சையாகத்தானே இருக்கிறது, என்ன பிரச்சினை. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. செத்தவர் ஆஜர் என்று எழுதியதற்குச் சிரிப்புப் பொம்மை!

பேச்சி மதினியைப் பார்க்கப் போனேன். தங்கையா அண்ணன் மனைவி. வாசலில் செருப்பு அதிகம், உள்ளே ஆள் குறைவு. பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அண்ணன் போன் எங்கே மதினி.

"அவுககூடயே வச்சு அனுப்பிட்டோம்மா. வெத்தலப்பெட்டி, கண்ணாடி, போனு. அது இல்லாம அந்த மனுசன் கக்கூசுக்குக்கூடப் போக மாட்டாரே."

"நீங்களே வச்சீங்களா?"

"நெஞ்சுமேல வச்சேன். ஸ்டோருக்குப் புதுசா வந்துருக்காருல்ல, அவருதான் சவப்பெட்டிய மூடிக் குடுத்தாரு. தங்கமான ஆளு. வந்த அன்னைக்கே சாவு, மொகம் சுளிக்கலயே."

எனக்கும் நினைவிருக்கிறது. கொச்சியிலிருந்து அனுப்பிய தற்காலிக ஆள். மழையில் நனைந்துகொண்டே குழிக்கு மண் தள்ளினார்.

கிளம்பும்போது மதினி என் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை, பால் பொங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நேத்து காலம்பர சேவல் கூவுச்சு செல்வி. அவுக அலாரம். மண்ணுக்குள்ளருந்து."

அண்ணன் போனில் சேவல் கூவும் அலாரம், நிறுத்தாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொரு முறை மறுபடி கூவும். கூட்டத்தில் அடித்து எத்தனை முறை சிரித்திருக்கிறோம். புதைத்த போனில் இரண்டு நாள் சார்ஜ் நிற்கலாம். அலாரம் அடிக்கலாம். அதில் அதிசயம் இல்லை.

ஆனால் அமுக்க விரல் வேண்டுமே.

ஆடி 4, வியாழன்

மழை. வார் மறுபடி அறுந்தது. மாத்திரை வாங்கியாயிற்று.

ராணி அக்கா வந்தாள். முதல் பறிப்பு காய்ந்துவிட்டதாம், பதினொரு மூட்டை. போன வருடம் ஒன்றும் வைக்கவில்லை, இந்த வருடம் மொத்தத்தையும் ஸ்டோரில் வைக்கப் போகிறாள். மச்சானுக்கு இஷ்டமில்லை. கம்பத்து வியாபாரி கையில் காசாகத் தருகிறார், இந்தக் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் எதற்கு என்கிறார்.

"நான் சொல்லிட்டேன், செல்வி ஒப்புப் போட்டாத்தான் ஏத்துவேன், போடலைன்னா ஏத்த மாட்டேன்னு. வேற எவன் போட்டாலும் நம்ப மாட்டேன்."

அந்த ஒப்பு பேனாவில் போடுவதில்லை. என் சாவியால்தான் போட முடியும். கொச்சியில் போன வருட ரிப்போர்ட்டையே தேதி மாற்றி ஏற்றி வைத்திருக்கிறார்கள். 'ஆபத்து குறைவு' என்று முடிகிறது. கீழே காலி இடம். நான் ஒரு தட்டுத் தட்டினால் நாற்பத்தொரு வீட்டுக்குச் செய்தி போகும், மறுநிமிடம் ஜீப் வரிசை கட்டும்.

யாரோ ஒருவர் கையில் இரண்டு சாவி இருந்தால் அந்தப் பதினொரு மூட்டையும் ஒரே காலையில் வேறு ஆளுடையதாகிவிடும். அக்காவுக்கு வேறு எதுவும் இல்லை. சின்னவளின் நர்சிங் அட்மிஷன் அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது.

இதை அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? செத்தவர் ஆஜர் என்று எந்த வாயால் சொல்வது.

ஆடி 8, திங்கள்

அதிகாலையிலேயே குடையோடு மதினி தோட்டத்துக்குப் போனேன். புதுமண் மேட்டில் யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள், மழையில் ஊறிக் கறுத்திருந்தது. ஏலச்செடிகள் இரண்டு பக்கமும் தலைக்கு மேல். பத்தடிக்கு அப்பால் மஞ்சு. சரிவில் கீழே ஸ்டோரின் கூரை இருக்க வேண்டும், தெரியவில்லை.

7.10. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மழை இரைந்துகொண்டிருந்தது. மதினி தலையைச் சாய்த்தாள்.

"கேட்டியா?"

"இல்ல மதினி."

"கேக்குதும்மா. கீழருந்து."

என் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 7.12, தங்கையா, ஆஜர். 7.13, கரீம், ஆஜர். என் காலடியில் மண் அசையவில்லை. பத்து நாளாக எந்த போனிலும் சார்ஜ் நிற்காது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பயம்தான், குளிர் என்று எழுதிப் பிரயோஜனமில்லை.

மதினி மட்டும் நிம்மதியாக இருந்தாள். "அவுக கடமைய அவுக விட மாட்டாக."

வீட்டுக்கு வந்து ஒரு வருடப் பேரேட்டைப் பார்த்தேன். தங்கையா 7.12, கரீம் 7.13. தங்கையா 7.12, கரீம் 7.13. ஒரு திங்கள்கூட மாறவில்லை. ஒரு வருடமாக வாரம்தோறும் இதைப் பார்த்து 'சரி' போட்டிருக்கிறேன். கண் எங்கே மேயப் போனது?

கரீம் பாய்க்குப் பாலக்காட்டுக்கு போன். பின்னால் கடைச் சத்தம், யாரோ மல்லி கேட்கிறார்கள்.

"பாய், காலைல நீங்க ஆஜர் அமுக்குனீங்களா?"

"நானெங்கீங்க அம்மிணி அமுக்கறது? திங்கக்கெழமை சந்தை சரக்கு வர்ற நேரமுங்க. தங்கையாதானுங்க எனக்கும் சேத்து அமுக்கிருவாரு. அந்தப் பன்னெண்டு வார்த்தை எழுதுன தாளையும் அவருகிட்டயே குடுத்துட்டேனுங்க."

"எப்ப?"

"மொத வாரமேங்க."

அந்தப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைதான் சாவி. தாள் கிடைத்தால் எந்த போனிலும் ஆளாகிவிடலாம்.

அங்கே மல்லி நிறுத்துக் கொடுக்கும் சத்தம். பிறகு அவர் கேட்டார்:

"அவரு மவுத்தாயிட்டாருங்களே. இப்ப எனக்கு அமுக்கறது யாருங்க?"

அப்பாவின் மஸ்டர் நினைவுக்கு வந்தது. கங்கம்மா வராத நாளில் அவள் நாத்தனார் கூட்டத்துக்குள்ளிருந்து 'இருக்கேன்' என்பாள். அப்பாவுக்குத் தெரியும். பிரசவம், காய்ச்சல், பாவம் என்று விட்டுவிடுவார். மஸ்டரை எடுத்துக்கொண்டேன், அதற்குள் இருந்த இந்த ஓட்டையை விட்டுவிட்டேன். பழக்கம் மட்டும் தானாகவே கூட வந்துவிட்டது.

ஆடி 9, செவ்வாய்

மதினியிடம் தாளைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா, கறுப்பன் காலடியில தகரடப்பாவுல வச்சிருக்காக. நீதான சொன்னியாம், வீட்ல வைக்காதீக, யாரும் தொடாத எடமாப் பாத்து வைங்கன்னு."

சொன்னேன். பயிற்சி நாளில், சாக்பீஸால் கோடு போட்டு, அதே வார்த்தைகளில் சொன்னேன்.

இந்த மலையில் யாரும் தொடாத இடம் அது ஒன்றுதான். பலாமரத்தடிக் கறுப்பசாமி. கதவில்லை, பூட்டில்லை. பட்டாவையும் அடகுச் சீட்டையும் அங்கே வைத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் உண்டு. கறுப்பன் காவலில் இருந்ததை யாரும் எடுத்ததாகக் கதைகூடக் கிடையாது.

இப்போதே எடுக்க வேண்டும் என்றேன். மதினி முகம் மாறியது.

"பூசாரி வீட்டுத் தீட்டும்மா. பதினாறு முடியாம அந்தக் கல்லடிக்கு யாரும் போகக் கூடாது. வெளக்கே வைக்கல பாரு."

பதினாறாம் நாள் சனிக்கிழமை, ஆடி 13. எனக்கென்ன தீட்டு, நேரே போய் எடுத்துவிடலாம் என்று பாதி வழி நடந்தேன். பலாமரம் மஞ்சுக்குள் நிழலாகத் தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. ரிஸ்க் பார்க்கிறவளாம். பட்டம் வேறு.

இந்தப் பத்து நாளில் அங்கே போயிருக்க யாருக்குத் துணிச்சல்? எண்ணிப் பார்த்தேன், ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பெயரும் வரவில்லை.

ஆடி 11, வியாழன்

ஜிதின்: ரிப்போர்ட் எப்போது? நான்: பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜிதின்: திங்கள் காலை வேண்டும்.

கடையில் ஸ்டோர் புது ஆள். பரிப்புவடை வாங்கிக் கொடுத்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. நல்ல தமிழ். "ரிப்போர்ட் வந்துட்டா ஸ்டோர் நெறஞ்சிடும்ல மேடம்?" என்றார். நிறையும் என்றேன். சேமியாப் பாக்கெட் வாங்க வந்ததை மறந்து வடையோடு திரும்பினேன்.

ஆடி 13, சனி

பதினாறு. சோறு, ரசம், பூசணிக் கூட்டு. மதினி மகன் மதுரையிலிருந்து வந்து தலைமுழுகி, முதல் விளக்கு வைத்தான். நான் பின்னால் நின்றேன்.

கறுப்பன் கல்லில் பச்சைப் பாசி. அரிவாளில் துரு. விளக்கில், மணியில், பழைய மாலையில், எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. தகரடப்பாவின் மூடி மட்டும் சுத்தமாக இருந்தது, யாரோ தினமும் தொட்டுத் துடைத்தது போல.

திறந்தேன். தங்கையா அண்ணன் தாள் இருந்தது. கரீம் பாய் தாள் இருந்தது. இரண்டுக்கும் மேலே இன்னொரு தாள். பச்சை மை. என் கையெழுத்து.

பந்தியிலிருந்த அம்மாவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நீ தாள வச்சிருந்த அரிசி டிரம்முல எலி வந்துருச்சுடி. கடிச்சு வச்சா நீதான கத்துவ? அதான் சித்திரையிலயே தங்கையாட்டக் குடுத்துட்டேன்."

"சொல்லலயேம்மா."

"கறுப்பன்கிட்ட வச்சதுக்கு ஒன்ட்ட என்னத்தடி சொல்றது?"

மூன்று சாவி, மூன்று ஆளிடம் என்று எழுதினேன். ஒரு டப்பா. அதில் என் தாளைத்தான் யாரோ கடைசியாகப் படித்துவிட்டு மேலே வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டகத்துக்குப் புதுச்சாவி போட முயன்றேன். இரண்டு ஒப்பு வேண்டும். கரீம் பாய்க்கு போன் செய்தேன். "நீங்களே போட்டுக்குங்க அம்மிணி, தாளுதான் கையில இருக்குதுங்களே" என்றார். என் பெயரில் ஒன்று, அவர் பெயரில் ஒன்று, இரண்டும் நானே போட்டேன். கங்கம்மாவின் நாத்தனார் இப்போது நான்தான்.

சாவி மாற நாற்பத்தெட்டு மணி நேரம். அவசரத்தில் யாரும் ஏமாறக்கூடாது என்று அந்த விதியையும் நானேதான் போட்டேன். திங்கள் மாலை ஆறுக்கு மாறும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆடி 14, ஞாயிறு

ரிப்போர்ட்டில் ஒப்புப் போடப் போவதில்லை. ஜிதினுக்கும் எழுதிவிட்டேன்: ஆபத்து குறைவு இல்லை, மாற்றி எழுதித் தருகிறேன். பதில் இல்லை.

அக்காவுக்கு போன். அடிக்கவேயில்லை, மழைக்கு அவள் பக்கம் டவர் போய்விட்டது. பரவாயில்லை. நான் ஒப்புப் போடாமல் அவள் ஏற்ற மாட்டாள். சொல்லியிருக்கிறாள்.

மூன்று தாளையும் ரவிக்கைப் பர்சில் வைத்திருக்கிறேன். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு, மேலே அம்மிக்கல். நாளைக் காலை ஆஜர் அமுக்க மாட்டேன். தங்கையா அண்ணனுக்கு நாளை மூன்றாவது திங்கள். பட்டியலில் யார் யார் வருகிறார்கள் பார்ப்போம்.

அம்மா சிரித்தாள். "எலிக்கு போன் பேசத் தெரியுமாடி?"

ஆடி 15, திங்கள்

மழை நின்றிருக்கிறது. ஆடி பிறந்து முதல் தடவை. மஞ்சு மட்டும் அப்படியே.

ஏழு மணிக்கு அம்மாவின் போனிலிருந்து நெட் எடுத்து லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா பக்கத்தில் சாயாவோடு. என் போன் டிரம்முக்குள், கல் அசையவில்லை. பர்சைத் தொட்டுப் பார்த்தேன், தாள் மூன்றும் இருக்கிறது.

தங்கையா – ஆஜர் – 7.12

கரீம் – ஆஜர் – 7.13

என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை, அம்மாவையும் பார்க்கச் சொன்னேன்.

செல்வி – ஆஜர் – 7.14

"அமுக்குனியா?" என்றாள் அம்மா. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். சாயாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்தடுத்து இரண்டு வரி. 'சாவி மாற்றம் ரத்து. ஒப்பு: கரீம், செல்வி.' 'ரிஸ்க் ரிப்போர்ட்: ஆபத்து குறைவு. ஒப்பு: செல்வி.' என் பெயர் பச்சையில், அழகாக, நான் போடுவது போலவே.

டிரம்முக்கு ஓடினேன். கல்லைத் தள்ளி போனை எடுத்து ஆன் செய்தேன். 7.25க்கு அதுவே அடித்தது. ராணி அக்கா.

"செய்தி வந்துருச்சுடி! விடியக்காலமே ஜீப்போட இங்க ஸ்டோர் வாசல்ல வந்து நின்னுட்டேன். மொத ஆளு நான்தான். எட்டு மூட்டை உள்ள போயிருச்சு, மச்சான் மீதிய எறக்குறாரு."

"நிறுத்துக்கா. உள்ள வைக்காத. நான் ஒப்புப் போடல."

"ஏய், விளையாடாத. ஒன் பேரு இருக்குல்ல."

"நான் போடலக்கா. சத்தியமா."

"பின்ன ஒன் பேர்ல வேற யாருடி இருக்கா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பின்னாலிருந்து அந்தச் சத்தம். ஒரு முறை, நீளமாக. விட்டு மறுபடி.

"அக்கா, அங்க என்ன சத்தம்?"

"சேவல்டி. உள்ள, புது ஆளு ரூமுக்குள்ள கூவுது." கொஞ்சம் தள்ளி நடந்து போய்க் கேட்டிருப்பாள் போல, குரல் தாழ்ந்து வந்தது. "ஏன்டி செல்வி... இது நம்ம தங்கையா அண்ணன் போனுல்ல?"